மொன்றியலில் மிதிக்கப் பழகினேன்

நான் மொன்றியலுக்குப் போனது ஆட்களை மிதிக்கப் பழகுவதற்காக. இப்படிச் சொன்னால் திருகோணமலையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கனடாவுக்குப் போனவர்கள் நயாகராவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் ஒரு மலை போன்ற மனிதனின் தொடையில் கால் வைத்திருக்கும் படத்தோடு வந்திருக்கிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் எனக்கு வேலை. மசாஜ் அறையில் துவாய் மடிப்பது, எண்ணெய் சூடாக்குவது, கேட்டால் வெள்ளைக்காரர்களின் தோளைக் கொஞ்சம் பிடித்துவிடுவது. நாற்பது வயது தாண்டியும் அங்கே நான் உதவியாள்தான். மேலாளர் போன வருடம் தாய்லாந்து முறை மசாஜுக்குத் தனியாக ஓர் அறை கட்டத் தொடங்கினார். முறையாகப் படித்து சேர்ட்டிபிக்கட்டோடு வந்தால் அந்த அறை எனக்கு என்றார். இல்லாவிட்டால் சீசன் தொடங்கமுன் கொழும்பிலிருந்து ஆள் எடுப்பாராம். அந்த நேரம் பார்த்து, பல வருடமாக அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்த கனடாவுக்கு விசாவும் கிடைத்தது. அக்கா வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், அஹுன்ட்சிக்கில், தாய்லாந்துப் பெண் ஒருத்தி இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அக்காவே தேடிப் பிடித்தாள். பாங்கொக்குக்குப் போனால் எனக்கு யார் புட்டு அவித்துத் தருவார்கள்? மொன்றியல்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

விமான நிலையத்துக்கு அக்காவின் புருசன், என் அத்தான், ஒரு பெரிய குளிர்க் கோட்டோடு வந்திருந்தார். அதை எனக்குப் போட்டுவிட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டி, தலையில் தொப்பியையும் வைத்துவிட்டார். அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போய் பனிச் சப்பாத்து வாங்கித் தந்தார். அத்தான் யாழ்ப்பாணத்தவர். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறார். வந்த காலம் தொட்டு அதே வேலை. தங்கமான மனிதர், ஆனால் ஒரு பிடி பிடித்தால் விடமாட்டார். நானும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் மரியாதை அதிகம், பேச்சுக் குறைவு.

அவர்களுடைய வீடு பியர்பொன்ட்ஸில். பிள்ளைகள் இருவரும் டொரோண்டோவில் படிக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் நாங்கள் மூன்று பேர்தான். புட்டும் மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். நான் என்ன படிக்க வந்திருக்கிறேன் என்று அக்கா அப்போதுதான் மெதுவாக எடுத்துவிட்டாள். அதுவரை அவருக்குச் சொல்லவில்லையாம்! மசாஜ் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தான் புட்டில் குழைத்த கையை அப்படியே வைத்துவிட்டார்.

"உது எங்கட ஆக்கள் செய்யிற வேலையே?"

எண்ணெய் இல்லை, உடுப்புக் கழற்றுவதில்லை, நிலத்தில் மெத்தை போட்டு, கையாலும் முழங்கையாலும் காலாலும் அமத்துவதுதான் என்று விளங்கப்படுத்தினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "காலாலயோ? ஆம்பிளையளையுமோ?" என்றார். ஓம் என்றேன். கோயில் பக்கத்துச் சனம் கேட்டால் என்ன சொல்வது என்று அக்காவைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சனமா எனக்குச் சம்பளம் தரப்போகிறது? ஆனால் அவர் வாங்கித் தந்த சப்பாத்து வாசலில் கிடக்கும்போது எப்படி வாய்காட்டுவது? இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் காலை படிக்கப் போனேன்.

போனேன் என்று சொல்வது எளிது. தரிப்பிடத்தில் மூக்கு மரத்துப்போக நிற்கிறேன், ஒரு பஸ் வருகிறது. நெற்றியில் பிரெஞ்சில் 'மன்னிக்கவும்' என்று எழுதிக்கொண்டு, சேற்றுப் பனியை என் கோட்டில் அடித்துவிட்டு, நிற்காமல் போகிறது. சேவையில் இல்லாத பஸ்கள் இங்கே அப்படித்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகுமாம். இந்த ஊரில் பஸ்ஸுக்கும் பண்பு இருக்கிறது, நிற்கத்தான் மனம் வருவதில்லை. எங்கள் ஊர்ப் பஸ் மன்னிப்புக் கேட்காது. ஆனால் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போன பிறகும், ஓடி வருகிற ஆளைக் கண்டால் பிரேக் போடும். அடுத்த பஸ்ஸில் ஏறி, தவறான பக்கம் போகிறேன் என்று சாரதி சொல்ல இறங்கி, வீதியைக் கடந்து நின்று, மெற்றோவும் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கியிருந்தது.

வகுப்பு ஒரு பேக்கரிக்கு மேலே. படியேறும்போதே பாண் வாசம் வயிற்றைப் பிசையும். உள்ளே ஒரு நீளமான அறை, நிலத்தில் மெத்தைகள், சுவரோரமாக இரும்பு ஹீட்டர். மாணவர்கள் ஆறேழு பேரும் மல்லாந்து படுத்து, உள்ளங்காலை ஹீட்டருக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று திரும்பிப் போகப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, குளிர்ந்த காலை ஒரு உடம்பில் வைத்தால் அந்த உடம்பு இறுகிப்போகும், அதனால் முதல் வேலை காலைச் சூடாக்குவது. திருகோணமலையில் யாருக்கும் தேவைப்படாத பாடம்.

ஆசிரியையின் பெயர் பிம். அவர்கள் வழக்கப்படி, குரு என்ற கருத்தில், க்ரூ பிம் என்று கூப்பிட வேண்டும். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். ஒல்லி, வேகமான ஆங்கிலம், பொறுமை மிகக் குறைவு. பயிற்சிக்கு எனக்குச் சோடியாகக் கிடைத்தவன் லூக். கோடையில் கூரை வேலை, பனிக்காலத்தில் வேலை இல்லை, அதனால் இதைப் படிக்கிறானாம். அவனுடைய ஒரு கால் என் இடுப்பளவு இருக்கும்.

முதல் நாட்கள் கைவேலை. அதில் எனக்குக் குறை சொல்ல இடமில்லை. ஹோட்டலில் வருடக்கணக்காகத் தோள் பிடித்த கை. க்ரூ பிம் என் விரல்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அப்பால் போவாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அடுத்த கிழமை கால்வேலை தொடங்கச் சொன்னாள். லூக் மல்லாந்து படுத்திருக்க, நான் அவனுடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபடி, என் பாதத்தை அவன் உள்தொடையில் பதிக்க வேண்டும். பதித்தேன். அடுத்த கணம் என் வலது கை கணுக்காலை விட்டுவிட்டு, அவன் காலைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

நான் செய்யவில்லை, கைதான் செய்தது. பஸ்ஸில் ஒருவரில் கால் பட்டால், படிக்கும் புத்தகத்தில் பட்டால், பிறந்தது முதல் அந்தக் கை தானாகப் போய் வருகிறது. மறுபடி பாதத்தை வைத்தேன், மறுபடி கை கண்ணுக்குப் போயிற்று. லூக்கின் கால் பிடி இல்லாமல் தொப்பென்று மெத்தையில் விழுந்தது. அவன் என் கையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

பிறகு அவனுடைய முறை. நான் படுத்தேன். லூக் தன் பென்னம்பெரிய பாதத்தை என் தொடையில் வைத்தான், குனிந்தான், என் காலைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒரு மிதி, ஒரு ஒற்று. மிகுந்த பக்தியோடு செய்துகொண்டிருந்தான். க்ரூ பிம் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். லூக் என்னைக் காட்டினான். இதுவும் முறையில் உள்ளது என்று நினைத்தானாம். அறையே சிரித்தது. வெட்கத்தில் எனக்கு அந்த மெத்தைக்குக் கீழே புகுந்துவிடலாம்போல இருந்தது.

மத்தியானம் பிம் தன் ஒட்டும் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள். நான் அக்கா கட்டித் தந்த சோறும் சூரை மீன் கறியும் திறந்தேன். மற்றவர்கள் வாசத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள், அவள் மட்டும் சோற்றை உருட்டி என் குழம்பில் தோய்த்தாள். அவர்கள் நாட்டிலும் பாதம்தான் உடம்பில் தாழ்ந்த இடமாம். பெரியவர்களுக்கு நேரே கால் நீட்டமாட்டார்களாம், படுத்திருப்பவரைத் தாண்டிப் போகமாட்டார்களாம். "அதனால்தான் தொடங்கமுன் கைகூப்பச் சொல்கிறேன்," என்றாள். "அங்கேயே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடு, முழுவதற்கும் சேர்த்து. நீ ஒவ்வொரு மிதிக்கும் மன்னிப்புக் கேட்டால், கீழே படுத்திருப்பவன் ஒவ்வொரு மிதியும் பிழை என்று நினைப்பான்."

விளங்கியது. விளங்கி என்ன செய்ய? கைக்கு விளங்க வேண்டுமே! கணுக்காலை இறுக்கிப் பிடித்துக் கையைக் கட்டுப்படுத்தினால் தலை குனிந்தது. தலையை நிமிர்த்தினால் வாய் சிவசிவா என்றது. கடைசிச் சோதனையிலும் இப்படியென்றால் சேர்ட்டிபிக்கட் இல்லை என்று பிம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, என் சொந்தக் கையிடம் தோற்றுப் போவதா?

வீட்டில் பழகுவதென்று தீர்மானித்தேன். ஒரு தொடை அளவுக்கு ஏதாவது வேண்டும். பேஸ்மென்டில் பெரிய அரிசி மூட்டை இருந்தது, உயரமும் தடிப்பும் அளந்து செய்ததுபோல. காலைத் தூக்கிய பிறகுதான் உறைத்தது, அரிசியை மிதிப்பதா? பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதற்கு அரிசியே மேல். கடைகளின் விளம்பரத் தாள்களைக் கட்டி வைத்திருந்தார்கள், பிரெஞ்சில் அச்சடித்தவை. சரஸ்வதிக்குப் பிரெஞ்சு தெரியாமலா இருக்கும்? அதையும் விட்டேன். கடைசியில் வாசல் பனியைக் கரைக்கிற உப்பு மூட்டை கண்ணில் பட்டது. உப்பையும் மிதிக்கக்கூடாதுதான். ஆனால் இந்த ஊரில் நடைபாதை முழுக்க அதைத்தான் கொட்டி வைத்திருக்கிறார்கள், வந்த நாள் முதல் நான் அதில்தான் நடக்கிறேன். ஆகவே உப்பு மூட்டை. அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்து, "உனக்கென்ன விசரே?" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன, தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். ஒரு கடையில் பூட்டின் வாங்கித் தந்தார். உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் சீஸ் கட்டிகளைப் போட்டு அதன் தலையில் சூடான குழம்பை ஊற்றித் தருகிறார்கள். பொரியல் மொறுமொறுப்பாக இருக்கிறதே என்று யாருக்கோ பொறுக்கவில்லைபோலும். பழித்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டேன்.

அத்தான் நின்றுகொண்டே சாப்பிட்டார். இருக்கச் சொன்னதற்கு, இருந்தால் எழும்ப ஏலாது என்று அக்கா அவருக்காகப் பதில் சொன்னாள். காரிலிருந்து இறங்கும்போதும் அவர் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தார். வலது பக்கம் ஊன்றவே யோசித்தார். இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக இறங்குகிற அந்த நோவை எங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். பார்த்துக்கொண்டு நிற்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அத்தானிடம் போய் என்னவென்று சொல்வது? அவருக்கு முன்னால் நான் காலுக்கு மேல் கால் போட்டுக்கூட இருந்ததில்லை.

சோதனைக்கு ஒரு விதி இருந்தது. கூடப் படிப்பவர்களில் செய்துகாட்ட முடியாது, வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அக்கா வருவதாகச் சொல்லி லீவும் எடுத்திருந்தாள். சோதனை முடிந்த கையோடு பிம் புது வருடத்துக்குத் தாய்லாந்து போகிறாள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் வருடம் பிறக்கிறது. எனக்கும் அந்தக் கிழமையே விமானம். அன்று தவறினால் பிறகு இல்லை.

அன்று காலை உறைமழை பெய்தது. மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக இறுகிவிடும். மரம், கம்பி, படி, கார்க் கதவு எல்லாம் கண்ணாடி. பஸ் ஓடுமோ தெரியாது என்றார்கள். துறைமுகத்தில் லொறிகளை நிறுத்திவிட்டதால் அத்தான் வீட்டில் நின்றார். அக்கா விடியவே தன் வேலை இடத்துக்குப் போய்விட்டாள். அவள் ஒரு கார்டரியில் குழந்தைகளைப் பார்க்கிறவள், லீவு எடுத்திருந்தும் ஆள் குறைவென்று கூப்பிட்டதால், ஒரு மணித்தியாலம் உதவிவிட்டு நேரே வகுப்புக்கு வருவதாக ஏற்பாடு. என்னை அத்தான் ஏற்றிக்கொண்டு போனார். ஆமை வேகத்தில் போயும் கார் இரண்டு தரம் தன் பாட்டுக்குத் திரும்பியது. 

பேக்கரி வாசலில் இறங்கும்போது அக்காவின் அழைப்பு வந்தது. மற்ற இரண்டு பெண்களும் பனியில் வர முடியாமல் நின்றுவிட்டார்கள். குழந்தைகளோடு அவள் தனியே. "என்னால அசைய ஏலாது, சாந்தி," என்றாள். அவள் குரலில் அழுகை. பின்னால் குழந்தைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை அக்கா என்று சொன்னேன். பரவாயில்லையா?  நிலாவெளி அறையும் அதன் புது மெத்தையும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

படியேறிப் போனேன். நான் விழுந்துவிடுவேன் என்று அத்தானும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். நேரம் ஏற்கனவே போய்விட்டது. அடுத்ததாக லூக் தன் அம்மாவோடு காத்திருந்தான். பிம் என்னைப் பார்த்தாள், உன் ஆள் எங்கே என்றாள். வாசலில் கார்ச் சாவியோடு நின்றவரைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

இதைத் தமிழில் எப்படிக் கேட்பது? அக்காவின் புருசனைப் படுங்கோ என்று சொல்வதா?  பிறகு, கேட்டால் கேட்டதுதான் என்று துணிந்தேன்.

"அத்தான், என்ர சோதினைக்கு ஒரு ஆள் வேணும். நீங்கள்தான் இருக்கிறீங்கள்."

அவர் மெத்தையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"காலாலயுமோ?"

"ஓம் அத்தான். காலாலயும்."

யன்னலில் பனிமழை தட்டிக்கொண்டிருந்தது. "நாலு கிழமையா உப்பு மூட்டைய உழக்கின சத்தம் எனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சீரோ," என்றார். குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். குனிவதே அவருக்குச் சிரமமாக இருந்தது. பிம் கொடுத்த தொளதொள காற்சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, பலகைபோல விறைத்துப் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

நான் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் காலை ஹீட்டரில் வைத்து எடுத்துவிட்டு, அவருடைய பாதத்தடியில் முழந்தாளிட்டுக் கைகூப்பினேன். இவ்வளவு நாளும் ஒப்புக்குக் கூப்பிய கை. அன்று உண்மையாகவே கேட்டேன். அத்தான், வைக்கக்கூடாத காலை வைக்கப்போகிறேன், எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போதே கேட்டுவிடுகிறேன், பிறகு கேட்கமாட்டேன்.

ஆண் என்றால் வலது காலில் தொடங்க வேண்டும். பாதத்தில் அமத்திக்கொண்டு மேலே போனேன். கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். என் பாதத்தை அவருடைய தொடையில் வைத்தேன்.  கை அசையவில்லை. அடுத்த இடத்தில் வைத்தேன், அசையவில்லை. தொடை கல்லாக இருந்தது, அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடும்வரை காத்திருந்து, விடும்போது பாரத்தை இறக்கினேன். மூன்றாவது மூச்சிலோ நான்காவது மூச்சிலோ கல் கொஞ்சம் இளகியது. குப்புறத் திருப்பி, பின்தொடையில் இடுப்புக்குக் கிட்ட, ஆற்றங்கரையில் நான் கண்ணால் பிடித்து வைத்திருந்த இடத்தில் குதியை ஊன்றினேன்.

"உந்த இடம்தான்," என்றார் மெத்தைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. "எடுக்காதேயும்."

எடுக்கவில்லை. முழுப் பாரத்தையும் கொடுத்து நின்றேன். என் அக்காவின் புருசன், என்னைவிட மூத்தவர், எனக்குக் கோட்டுப் போட்டுவிட்டவர். அவரை மிதித்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கு ஒரு துளி குற்ற உணர்வு வரவில்லை. வலி எங்கே போகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி மல்லாத்தி, வலது காலை நீட்டி மெத்தையில் வைத்தபோது பிம் கை தட்டினாள். நேரம் போய்விட்டது, அடுத்தவர் காத்திருக்கிறார் என்றாள். மற்ற வேலையெல்லாம் இத்தனை கிழமையாகப் பார்த்தாயிற்று, இன்று பார்க்க வேண்டியிருந்தது இது ஒன்றுதான் என்றாள். "பாஸ். நிறுத்தலாம்."

சந்தோசத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லூக் சத்தம் போடாமல் இரண்டு பெருவிரலையும் உயர்த்திக் காட்டினான். அறை எனக்குத்தான்! அக்காவுக்குச் சொல்ல வேண்டும், மேலாளருக்குச் சொல்ல வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பப் போனேன்.

அத்தான் எழும்பவில்லை. கண்ணைத் திறந்து என்னை நேரே பார்த்தார்.

"அப்ப மற்றக் கால்?"

பிம்முக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் இடது காலை அசைத்துக் காட்டியது அவளுக்கும் விளங்கியது. லூக் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா, தான் கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வருகிறேன், அவசரமில்லை என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு எழுந்தாள். நான் பிம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. மெத்தையின் மறுபக்கம் போய் இருந்து, அத்தானின் இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை வைத்தேன்.